மகள் மாதிரி என்றவர் கையெழுத்துப் போடாத ஒன்பது மாதங்கள்

போன வாரம் இரவு 11 மணிக்கு விடுதி மாடிப்படியில் ஒரு தங்கை தனியாக உட்கார்ந்திருந்தாள். முதலாம் ஆண்டு பிஎச்.டி ஸ்காலர் (ஆராய்ச்சி மாணவி), வேறு துறை. என்னைப் பார்த்ததும் எழுந்து, “அக்கா, நீங்கதானே கைடு மாத்தினவங்க? கைடை மாத்தினா வாழ்க்கையே போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமாக்கா?” என்று கேட்டாள். கைடு என்றால் பிஎச்.டி ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர். அந்தப் படியிலேயே உட்கார்ந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்குச் சொன்ன எதுவும் என் பிரச்சினை நடந்த சமயத்தில் எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடமும் நிறையப் பணமும் மிஞ்சியிருக்கும், உடம்பும் இவ்வளவு கெட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரையோ யாருடைய பெயரையோ சொல்லப் போவதில்லை.

என் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். அம்மா முழங்கால் வலியால் நின்றுவிட்டாள், அப்பா இப்போதும் விடியும் முன்னே போகிறார். எம்.எஸ்ஸி முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து, 2023 பிப்ரவரியில் பிஎச்.டிக்குச் சேர்ந்தேன். அந்த ஜனவரியிலிருந்துதான் உதவித்தொகையை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக்கியிருந்தார்கள். முதல் தவணை வங்கியில் ஏறியதும் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, “மாசா மாசமா?” என்பதுதான். ஆராய்ச்சித் தலைப்பும் எங்கள் உப்பளம்தான். உப்பு விளையும் பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட ஒரு ரோஸ் நிறம் வரும், பார்த்திருப்பீர்கள். அந்த உப்பிலேயே பிழைக்கிற நுண்ணுயிர்கள் கொடுக்கும் நிறம் அது. அவற்றைப் பிரித்து வளர்த்து, என்ன நொதி சுரக்கின்றன என்று பார்ப்பது என் வேலை. 25 சதவீதம் உப்புப் போட்ட தட்டில் ஒரு காலனி கண்ணுக்குத் தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒத்துவராத வேலை, எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

கைடு சார் ஆரம்பத்தில் உண்மையாகவே நல்லவராக நடந்துகொண்டார். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எதுவும் புரியாது. சேர்ந்த அன்றைக்கு அப்பா அம்மாவை உட்கார வைத்து காபி வாங்கிக் கொடுத்தார். “இனி இவ எனக்கு மகள் மாதிரி, நீங்க கவலையே படாதீங்க” என்றார். அம்மா அழுதுவிட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா மட்டும், “கணக்கப்பிள்ளை சிரிச்சுப் பேசுற அன்னிக்குத்தான் சீட்டை ரெண்டு தடவை பாக்கணும்” என்று சொன்னதாக அம்மா பிறகு சொன்னாள். எனக்கு அப்போது அப்பா மேல் கோபம்தான் வந்தது.

மகள் மாதிரி என்பதால் முதலில் சின்னச் சின்ன வேலைகள் வந்தன. கேள்வித்தாள் டைப் அடிப்பது. அவர் மகனின் பள்ளி ரெக்கார்டு நோட்டில் படம் வரைவது. விருந்தினரை ரயில் நிலையத்தில் போய் அழைத்து வருவது. அப்புறம் விடைத்தாள் மதிப்பெண் கூட்டுவது, அவருக்குக் கிடைத்த வேறொரு திட்டத்துக்குப் பயன்பாட்டுச் சான்று தயாரிப்பது, வீட்டுக் கரண்ட் பில் கட்டுவது என்று வளர்ந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் மறுக்கிற அளவுக்குப் பெரியதில்லை. மறுத்தால் மகள் மாதிரி இருக்கிறவளுக்கு இது கூடச் செய்ய மனசில்லையா என்று ஆகிவிடும். இந்த உறவுச் சொல்லின் பாரம் அதுதான். வேலைக்காரி கூலி கேட்கலாம், மாணவி நேரம் கேட்கலாம், மகள் எதையும் கணக்குப் பார்க்கக் கூடாது. பிறகு மாணவர் குறைதீர்ப்புக் கமிட்டிக்குக் கொடுப்பதற்காக பழைய வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துக் கணக்குப் போட்டபோது, 14 மாதத்தில் ஏறத்தாழ 400 மணி நேரம் ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போயிருந்தது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபத்தை விட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. எனவே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த மாதிரி வேலை வந்தால் முதல் நாளே சண்டை போட வேண்டியதில்லை. ஒரு சின்ன நோட்டில் தேதி, வேலை, எத்தனை மணி நேரம் என்று மட்டும் எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்து அதைப் புரட்டினால் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த தவறு ஆர்.ஏ.சி விஷயத்தில். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி விதிமுறைப்படி, ஒவ்வொரு ஸ்காலருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு, அதாவது ஆர்.ஏ.சி, இருக்க வேண்டும். செமஸ்டருக்கு ஒரு முறை அந்தக் குழு முன்னால் போய் என்ன வேலை நடந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். சார், “அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா, கடைசியில் ஒண்ணா சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கலாம்” என்றார். எனக்கும் ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷமாக இருந்தது. பிரச்சினை வெடித்த பிறகு, “இந்தப் பொண்ணு ஒண்ணரை வருஷமா எதுவுமே செய்யல” என்று அவர் சொன்னபோது, செய்தேன் என்று காட்ட என்னிடம் ஒரு தாள் கூட இல்லை. அந்தக் கூட்டம் உங்களைச் சோதிக்க வைத்தது போலத் தோன்றும், உண்மையில் அது உங்கள் காவல். கைடு தவிர வேறு ஆட்களும் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. நடக்கவில்லை என்றால் நீங்களே “இந்த செமஸ்டர் ஆர்.ஏ.சி எப்போது வைக்கலாம்” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது தேதியோடு இருக்கும்.

2024 ஆகஸ்டில் ஒரு நாள் எனக்கு ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நீங்கள் இணை ஆசிரியராக இருக்கும் கட்டுரை எங்களுக்கு வந்துள்ளது, உறுதிசெய்யுங்கள் என்று. திறந்து பார்த்தால் என் உப்பளத்து நுண்ணுயிர்கள். என் படங்கள். 18 மாதிரிகளை என் கைக்காசு 11,700 ரூபாய் கொடுத்து வெளியில் மரபணு வரிசை பார்த்திருந்தேன், அந்த முடிவுகளும் அதிலேயே இருந்தன. முதல் பெயர் நான் ஒரு தடவைதான் பார்த்திருந்த ஒருவருடையது. அவருக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்பட்டதாம். என் பெயர் நான்காவது. கோர்ஸ் வொர்க்கில் ஆய்வு, வெளியீட்டு நெறிகள் என்று ஒரு பேப்பர் கட்டாயமாக உண்டு, இரண்டு கிரெடிட். அதில் யாரை ஆசிரியர் என்று போடலாம், யாரைப் போடக் கூடாது என்று ஒரு பாடமே படித்து, பரீட்சையும் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனாலும் அந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் எனக்குள் முதலில் வந்த எண்ணம், “பரவாயில்லை, என் பெயரையாவது போட்டிருக்கிறாரே” என்பதுதான். எனக்கு உரியதில் கால்வாசி கிடைத்ததற்கு நன்றி சொல்லும் நிலைக்கு நான் வந்துவிட்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

இரண்டு நாள் யோசித்து, சாரிடம் ரொம்பப் பணிவாகத்தான் கேட்டேன். “சார், முதல் பெயர் நான் இருக்கலாமா?” அவர் கோபப்படவில்லை. “உன்னை மகள் மாதிரி நினைச்சேன்மா” என்றார், அவ்வளவுதான். செப்டம்பர் மாத வருகைப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை.

நெட் உதவித்தொகை தானாக வந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மாதா மாதம் இந்த ஸ்காலர் வேலை செய்கிறார் என்று பல்கலைக்கழகம் இணையதளத்தில் உறுதி கொடுத்தால்தான் பணம் ஏறும். எங்கள் இடத்தில் அதற்குக் கைடு கையெழுத்து, பிறகு எச்.ஓ.டி (துறைத் தலைவர்) கையெழுத்து, அப்புறம் செக்‌ஷன் என்று போக வேண்டும். முதல் கையெழுத்து நின்றால் எல்லாமே நின்றுவிடும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று 2025 மே வரை ஒன்பது மாதம். மொத்தம் 3,33,000 ரூபாய். நவம்பரில் தெரிந்த ஒருவரிடம் 50,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினேன், மாதம் 1,500. பத்து மாதம் கட்டி 15,000 வட்டிக்கே போனது. அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. வீட்டில் காரணம் சொல்லவில்லை, ஆபீசில் லேட் என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து மாதம் 4,000 வந்தது. பிப்ரவரியில் இரண்டு வருடம் முடிந்து எஸ்.ஆர்.எஃப் என்ற அடுத்த நிலை உதவித்தொகை ஆகி, 37,000 என்பது 42,000 ஆகியிருக்க வேண்டும். அதற்கு ஒரு குழு கூடி என் வேலையை மதிப்பிட வேண்டும், அதைக் கூட்ட வேண்டியவரும் அவர்தான்.

உதவித்தொகையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது, வந்த முதல் மாதத்திலிருந்தே எப்படியாவது மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். வீட்டுக்கு அனுப்பும் ஆசை எனக்கும் இருந்தது, மாதம் 20,000 அனுப்பிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் குறைத்து அனுப்பியிருந்தால் அம்மா கழுத்து வெறுமையாகியிருக்காது. படிவத்தை நேரில் நீட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள், ஒவ்வொரு மாதமும் ஸ்கேன் செய்து கைடுக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

இந்த மாதங்களில் என்னைத் தூக்கி நிறுத்தியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஸ்ஸில் ஓர் அக்கா இருக்கிறார். மெஸ் பாக்கி ஏறி என் பெயரைப் பலகையில் எழுதிய அன்றைக்கு நான் சாப்பிடப் போகவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தூக்கில் சோறும் ரசமும் ஒரு அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். “பாக்கி எழுதுறது வார்டன் வேலை, சோறு போடுறது என் வேலை” என்றார். அவருடைய மாதச் சம்பளம் என் உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கு கூட இருக்காது.

அப்புறம் எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன். 2024 தீபாவளி வியாழக்கிழமை வந்தது, ஞாயிறு வரை விடுமுறை. நான் ஊருக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை மழையில் மின்சாரம் போய், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. உள்ளே 42 நுண்ணுயிர்களின் சேமிப்புக் குழாய்கள், என் ஒன்றேமுக்கால் வருட உழைப்பு. அண்ணன் அன்று வேலைக்கு வர வேண்டியவரே இல்லை. மழை பார்த்துச் சந்தேகப்பட்டு, குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு சைக்கிளில் வந்து பார்த்திருக்கிறார். கடையில் ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் என் இரண்டு டப்பாக்களையும் மற்றவர்களுடையதையும் அடுக்கி, பக்கத்துத் துறையில் சாவி வாங்கி அவர்கள் ஃப்ரீசரில் வைத்துப் பூட்டிவிட்டு, பிறகுதான் எனக்குப் போன் செய்தார். ஐஸ் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. எந்த டப்பா யாருடையது என்று நாங்கள் யாரும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார். அந்தத் துறையில் என் ஆராய்ச்சியை அவர் மதித்த அளவுக்கு யாரும் மதித்ததில்லை. ஒரு பாடம் இதிலும் உண்டு. உங்கள் கல்ச்சர்கள், மூலத் தரவுகள் எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும். நான் அந்த வாரமே எல்லாக் குழாய்களுக்கும் இரண்டாவது செட் போட்டு வேறு கட்டடத்தில் வைத்தேன். பிற்பாடு லேப் சாவி என்னிடமிருந்து வாங்கப்பட்டபோது அதுதான் கைகொடுத்தது.

டிசம்பரில் நான் ரொம்ப மோசமாக இருந்தேன். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரியில் இறந்துபோன ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தில், ஏழு மாத உதவித்தொகை ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் தனக்கு வர வேண்டும், அதை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு வரி வரும். அவர் பட்டது வேறு, ஒரு கையெழுத்தோடு நிற்கிற விஷயமில்லை அது. ஆனால் அந்த வரி ராத்திரி ராத்திரியாக எனக்குள் ஓடியது. பாக்கியைக் கணக்குப் போடுகிற அந்த மனநிலை எனக்குப் புரிய ஆரம்பித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அறைத் தோழி கட்டாயப்படுத்தி 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் போட வைத்தாள். இலவசம், தமிழில் பேசினார்கள், பெயர் கூடக் கேட்கவில்லை. 40 நிமிடம் அழுதேன். பிரச்சினை ஒன்றும் தீரவில்லை, ஆனால் அன்றைக்குத் தூங்கினேன். உங்களுக்கு அப்படி ஓர் இரவு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள்.

திருப்பம் வந்தது ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில், ஓய்வுபெற ஒரு வருடம் இருந்த ஒரு எழுத்தரிடமிருந்து. எச்.ஓ.டியிடம் மூன்று முறை வாயால் சொல்லிவிட்டேன், பார்க்கலாம் என்கிறார் என்று நான் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி, “ஏம்மா, வாயில சொன்னது ஃபைல்ல ஏறுமா?” என்றார். ஒரு மனு எப்படி எழுதுவது என்று அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். அழுகையும் குற்றச்சாட்டும் வேண்டாம். என்ன தேதியில் என்ன நடந்தது, எந்த மாதப் படிவத்தை எந்த நாளில் கொடுத்தேன், எது இன்னும் திரும்பவில்லை, எனக்கு என்ன வேண்டும், இவ்வளவு போதும். பதிவாளருக்கு முகவரி போட்டு, எச்.ஓ.டி வழியாக என்று எழுதி, ஒரு முன்பிரதியைத் தபால் பிரிவில் நேராகக் கொடு. இரண்டு நகல் எடுத்துப் போ, ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள். முத்திரை இல்லாத நகல் உன் டைரிதான், மனு இல்லை. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. கைடு மாற்றம் தனி, உதவித்தொகை தனி, கட்டுரை தனி. எல்லாவற்றையும் ஒன்றாக எழுதினால் பதில் சொல்லச் சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள்.

ஜனவரியில் மூன்று மனுவும் கொடுத்தேன். பதில் இல்லை. பிப்ரவரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, என் மனுக்கள் இப்போது எந்த மேசையில் இருக்கின்றன, அவற்றில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும், என் ஆர்.ஏ.சி கூட்டக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேட்டேன். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஆர்.ஏ.சி குறிப்பு எதுவும் இல்லை என்று எழுத்தில் வந்தது. நான் வேலை செய்யவில்லை என்று சொன்னவர் அதைச் சொல்லக் கூடிய கூட்டத்தையே கூட்டவில்லை என்பதற்கு அது ஆதாரமானது. கட்டுரை விஷயத்தில் ஆய்விதழின் ஆசிரியருக்கு, என் லேப் நோட்டின் தேதியிட்ட பக்கங்களோடு எழுதினேன். யார் சொல்வது உண்மை என்று அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்திடம் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள். ஆனால் அதுவரை கட்டுரையை நிறுத்திவைத்தார்கள், எனக்கு அதுவே போதுமாக இருந்தது. லேப் நோட்டைப் பேனாவில், தேதி போட்டு, பக்கம் கிழிக்காமல் எழுதுங்கள் என்று பழைய ஆசிரியர்கள் ஏன் அடித்துக்கொண்டார்கள் என்று அன்று புரிந்தது.

மார்ச்சில் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போனேன். 2023 ஏப்ரலில் வந்த யு.ஜி.சி விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இது இருக்க வேண்டும். குழுவில் ஒரு பெண்ணாவது, பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட பிரிவினர் ஒருவராவது இருக்க வேண்டும். 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் என்ற குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு 15 நாள் என்பது ஆறு வாரமானது. நடுவில், “பொண்ணு நீ, நாளைக்கு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வெளியாள் வரணும், எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க” என்று அக்கறையோடு சொன்னவர்கள் பலர். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களும் பயந்து பயந்து முடித்தவர்கள்தான்.

குழு கூட்டத்தில் சார், ஒரு மகள் மாதிரி பார்த்துக்கொண்டேன், இப்படிச் செய்வாள் என்று நினைக்கவில்லை என்று குரல் கம்மச் சொன்னார். இரண்டு உறுப்பினர்கள் என்னைத்தான் வருத்தத்தோடு பார்த்தார்கள். நானே கூட ஒரு நிமிடம் குற்றவாளி போல உணர்ந்தேன். அப்போது ஒரு பேராசிரியை, வேறு துறை, என்னை அதற்கு முன்னும் பின்னும் அவர் பார்த்ததில்லை, தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: “எந்த மாதம் வருகை குறைவு, சார்?” அவர் ஏதோ சொன்னார். “இல்ல சார், மாதம் மட்டும் சொல்லுங்க. செப்டம்பரா?” இப்படி அதுவரை கையெழுத்து நின்றிருந்த ஒவ்வொரு மாதத்தையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று எழுதிக்கொண்டார். என்னையும் விடவில்லை. “நீங்க ஃபிப்ரவரியில 11 நாள் வரல, ஏன்?” என்று கேட்டார். அம்மைக்குச் சிகிச்சை எடுத்த சீட்டைக் கொடுத்தேன், எழுதிக்கொண்டார். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை, சிரிக்கவில்லை, வெளியே வந்தபோது நான் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு வருடத்தில் அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை நடத்தியதில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. மெஸ் அக்காவும் அட்டெண்டர் அண்ணனும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அவர்கள் கையில் அதிகாரம் எதுவும் இல்லை, எனக்குத் தர வேண்டிய பாக்கியும் எதுவும் இல்லை, அவர்களாகத் தந்தது. கைடிடம் நான் அன்பை எதிர்பார்த்துப் போயிருக்கவே கூடாது. அவர் எனக்குத் தர வேண்டியிருந்தது கையெழுத்து. அதைக் கொடுக்கும்போது நான் நன்றி சொன்னேன், கொடுக்காதபோது என்ன தப்புச் செய்தேன் என்று என்னையே துருவிக்கொண்டேன். விதிப்படி வர வேண்டியதை யாராவது அன்பளிப்பு போலத் தரும்போது, அதை நிறுத்தும் உரிமையும் அவருக்குப் போய்விடுகிறது. இது எனக்குப் புரிய ஒன்பது மாதம் ஆனது.

ஜூனில் கைடு மாற்ற உத்தரவு வந்தது, நிலுவை மாதங்களுக்கு எச்.ஓ.டியே கையெழுத்துப் போடலாம் என்ற வரியோடு. புதிய கைடு தேடுவது தனிப் பாடு. பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு ஸ்காலர் வரைதான் என்ற கணக்கு உண்டு, ஓய்வுபெற மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக எடுக்க முடியாது. அதனால் யாரிடம் இடம் காலி என்று பிரிவில் முதலில் கேட்டுவிட்டு, பிறகு போய்ப் பேசுங்கள். நான் நான்கு பேரிடம் போய்த் தலையாட்டல் வாங்கி, அவர்களிடம் இடமே இல்லை என்று பிறகு தெரிந்து ஒரு மாதம் வீணானது. என்னை எடுத்துக்கொண்ட மேடம் முதல் நாளே, “எனக்கு வாரம் ஒரு மீட்டிங், ரெண்டு பக்க ரிப்போர்ட், அவ்வளவுதான். என் வீட்டு வேலை எதுவும் கிடையாது, உன் வீட்டு விஷயம் எனக்கு வேண்டாம்” என்றார். கொஞ்சம் கறாராக இருந்தது. இப்போது பழகிவிட்டது. நிலுவைப் பணம் ஆகஸ்டிலும் அக்டோபரிலும் இரண்டு தவணையாக வந்தது, நவம்பரில் எஸ்.ஆர்.எஃப் ஆனேன். சங்கிலியை மீட்டாயிற்று. வட்டியும் மரபணு வரிசை பார்த்த காசும் திரும்பி வராது. அந்தக் கட்டுரையை அவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், நான் என் பெயரில் அனுப்ப இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி. மொத்தமாக ஒரு வருடம் போனது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கமிட்டிக்காகப் பழைய செய்திகளைத் தேடியபோது என் சொந்தச் செய்திகளும் கண்ணில் பட்டன. 2024 தொடக்கத்தில் ஒரு எம்.எஸ்ஸி மாணவி என்னிடம் ப்ராஜெக்ட் செய்தாள். அவளுக்கு நான் அனுப்பியவை: “ஞாயிறு ஆட்டோகிளேவ் போட்டுடு.” “என் தட்டையும் சேர்த்து ஊத்திடு, தங்கம்.” “நீ என் தங்கச்சி மாதிரி, அதான் உரிமையா சொல்றேன்.” அதே சொல். எட்டு ஞாயிற்றுக்கிழமை அவளை வர வைத்திருக்கிறேன். நொதி அளவீடுகளில் ஒரு முழு அட்டவணை அவள் எடுத்தது, என் வரைவுக் கட்டுரையில் அவள் பெயர் எங்கேயும் இல்லை. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்போது கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “அய்யோ அக்கா, நீங்க எவ்ளோ நல்லா பாத்துக்கிட்டீங்க” என்றாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை, நானும் சாரைப் பற்றி முதல் வருடம் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஆசிரியராக அவள் பெயரைச் சேர்த்து, வரைவை அவளுக்கு அனுப்பி, அவள் எடுத்த அட்டவணையைச் சரிபார்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன். மூன்று திருத்தம் சொன்னாள், மூன்றும் சரி.

இப்போது என்னிடம் ஒரு புதிய ப்ராஜெக்ட் மாணவன் இருக்கிறான். அவன் வந்த அன்றைக்கு வேலை நேரம், எது அவன் வேலை, எது என் வேலை, கட்டுரை வந்தால் யார் பெயர் எங்கே என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவனுக்குக் கொஞ்சம் விநோதமாக இருந்திருக்கும். தம்பி என்று கூப்பிடவில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

மாடிப்படித் தங்கைக்கு அந்த எழுத்தர் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். நேற்று மதியம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. முழு மனுவும் ஒரே பக்கம்தான், ஒரே கோரிக்கை. வலது மூலையில் தபால் பிரிவின் ஊதா முத்திரை, தேதி தெளிவாக விழுந்திருக்கிறது.